‘இங்’ சொற்கள்: காரைக்குடி மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். கானாடுகாத்தானில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடுகளைச் சுற்றிக்காட்டும் பெண்கள் வருகிறார்கள். ஆத்தங்குடியில் கல் போடும், அதாவது தரையில் பதிக்கிற டைல் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் வருகிறான். கடல் கடந்து வாழும் பேரனுக்குத் தன் கையாலேயே செய்தி எழுத வேண்டும் என்று ஓர் ஆச்சியும் வருகிறார். வயதும் வேலையும் வேறு வேறு என்றாலும், எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான்: வினைச்சொல்லின் வாலில் ஒட்டுகிற ‘இங்’. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களும் தமிழ் எழுத்தில்தான் இருக்கின்றன. வாய்விட்டு வாசித்தால் சுலபமாகப் பிடிபடும்.

பிரெசென்ட் பார்ட்டிசிபிள் என்றால் என்ன?

வினைச்சொல்லோடு ‘இங்’ சேர்ந்த வடிவம். ஈட், ஈட்டிங். கோ, கோயிங். ஸ்லீப், ஸ்லீப்பிங். கேன், மஸ்ட், ஷுட் மாதிரியான சில துணைவினைகளைத் தவிர ஆங்கிலத்தில் எல்லா வினைக்கும் இந்த வடிவம் உண்டு. ‘கோ’வுக்கு ‘வென்ட்’, ‘ஈட்’டுக்கு ‘ஏட்’ என்று இறந்தகாலத்தில் படுத்துகிற ஆங்கிலம், இந்த இடத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்கிறது.

பெயரில் ‘பிரெசென்ட்’ இருப்பதால் இது நிகழ்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். இதற்குச் சொந்தமாகக் காலம் கிடையாது. “ஹி இஸ் ஈட்டிங்” நிகழ்காலம், “ஹி வாஸ் ஈட்டிங்” இறந்தகாலம். காலத்தைக் காட்டுவது இஸ்ஸும் வாஸும்தான். ஈட்டிங் இரண்டிலும் மாறாமல் நிற்கிறது.

நம் இலக்கணத்தில் இதற்கு அருமையான பெயர் இருக்கிறது: எச்சம். முடியாமல் மிச்சம் நிற்பது. ‘சிரித்துக்கொண்டே’ என்று சொல்லி நிறுத்தினால், கேட்பவர் அடுத்து என்ன என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். “ஷீ ஸ்மைலிங்” என்று நிறுத்தினால் ஆங்கிலக்காரருக்கும் அப்படித்தான் இருக்கும். “ஷீ இஸ் ஸ்மைலிங்” என்றால்தான் வாக்கியம் முடியும்.

தமிழில் இதற்குச் சரியான ஒரே சொல் எது?

ஒரே சொல் இல்லை. குழப்பம் தொடங்குவதே இதில்தான். ‘ரன்னிங்’ என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். “ஹி இஸ் ரன்னிங்” என்றால் ஓடிக்கொண்டிருக்கிறான். “ரன்னிங் வாட்டர்” என்றால் ஓடுகிற தண்ணீர், அதாவது பெயரெச்சம். “ஹி கேம் ரன்னிங்” என்றால் ஓடிக்கொண்டே வந்தான், அதாவது வினையெச்சம். “ரன்னிங் இஸ் குட் ஃபார் யூ” என்றால் ஓடுவது நல்லது, இது தொழிற்பெயர். ஆங்கிலத்தில் இந்தக் கடைசி வகைக்கு ஜெரண்ட் என்று தனிப்பெயர். அது பார்ட்டிசிபிள் ஆகாது.

நாம் நான்கு சட்டை வைத்திருக்கிறோம், ஆங்கிலம் ஒன்றையே நான்கு இடத்துக்கும் போட்டுக்கொண்டு போகிறது. அதனால் ‘இங்’ சொல்லைப் பார்த்ததும் தமிழில் இது ஓடுகிறவா, ஓடிக்கொண்டா, ஓடுவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆங்கிலமும் ஆதியில் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் எச்சத்துக்கு ‘எண்டெ’ என்று ஒரு விகுதி, தொழிற்பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’ என்று வேறொரு விகுதி. இடைக்காலத்தில் இரண்டும் கலந்து ‘இங்’ மட்டும் நின்றது. பழைய எச்ச விகுதியின் தடம் இன்றும் ஒரு சொல்லில் இருக்கிறது: ‘ஃபிரெண்ட்’. ‘அன்பு செய்கிற’ என்ற பொருளில் பிறந்த எச்சம், பெயர்ச்சொல்லாக நிலைத்துவிட்டது.

என் வாக்கியத்தில் தவறே தெரியவில்லை, ஆனால் ‘டேங்க்லிங்’ என்று சிவப்பு மை போடுகிறீர்களே, ஏன்?

கானாடுகாத்தான் பெண் ஒருத்தி கேட்டது இது. வெள்ளைக்காரர்களுக்குச் சொல்வதற்காக அவள் எழுதி வந்த வாக்கியம்: “என்டரிங் த ஹவுஸ், த பர்மா டீக் பில்லர்ஸ் வில் அமேஸ் யூ.” சொற்கள் எல்லாம் சரி, எழுத்துப்பிழையும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு விதி இருக்கிறது. முன்னால் ‘இங்’ சொல் வந்து ஒரு கமாவும் போட்டால், கமாவுக்கு அடுத்து வருகிற எழுவாய்தான் அந்த வேலையைச் செய்ததாகப் பொருள். இங்கே எழுவாய் பர்மாத் தேக்குத் தூண்கள். வீட்டுக்குள் நுழைவது தூண்கள் என்று ஆகிவிடுகிறது. இப்படித் தனக்குரிய எழுவாயோடு சேராமல் தொங்குகிற எச்சத்தைத்தான் ‘டேங்க்லிங்’ என்கிறோம்.

அவளிடம் இதையே தமிழில் சொல்லச் சொன்னேன். “முகப்பைத் தாண்டி உள்ளே நுழையும்போது, வளவில் இருக்கிற தேக்குத் தூண்கள் உங்களை அசத்திவிடும்” என்றாள். அழகான வாக்கியம். ‘நுழையும்போது’ என்று சொன்னால் நுழைகிறவர் ஒருவராகவும் அசத்துவது வேறொன்றாகவும் இருக்கலாம், தமிழ் அதை அனுமதிக்கிறது. ஆனால் ‘நுழைந்து தூண்கள் அசத்தும்’ என்று அவள் சொல்லவில்லை, சொல்லவும் வராது. ‘என்டரிங்’ என்பதை ‘நுழையும்போது’ என்று நினைத்து எழுதிவிட்டாள். அதன் குணமோ ‘நுழைந்து’ போன்றது.

திருத்துவதற்கு இரண்டு வழி. “என்டரிங் த ஹவுஸ், யூ வில் ஸீ த பர்மா டீக் பில்லர்ஸ்.” நுழைவதும் நீங்கள், பார்ப்பதும் நீங்கள். அல்லது எச்சத்தையே விட்டுவிட்டு, “ஆஸ் யூ என்டர் த ஹவுஸ், த பில்லர்ஸ் வில் அமேஸ் யூ.” இரண்டாவதுதான் அவள் மனதில் இருந்த தமிழுக்கு நெருக்கம். அதைத்தான் இப்போது சொல்கிறாள்.

இந்த விதி நமக்கு அந்நியமானது இல்லை. செய்து, செய்யூ, செய்பு என்ற மூன்று வினையெச்சங்களும் ‘வினைமுதல் முடிபின’ என்று தொல்காப்பியம் சொல்கிறது. எச்சத்தைச் செய்தவரே முற்றையும் செய்ய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ‘யார் செய்தது?’ என்ற இந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்கிற பிள்ளை பார்ட்டிசிபிளில் தவறுவதே இல்லை. இத்தனை வருடத்தில் நான் கண்டது இது.

ஆனால் ‘மழை பெய்து கண்மாய் நிறைந்தது’ என்கிறோமே? அங்கே பெய்தது மழை, நிறைந்தது கண்மாய்தானே?

நல்ல கேள்வி. இதைக் கேட்ட பையனுக்கு அன்று மனதாரக் கைதட்டினேன். நம் உரையாசிரியர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். ‘மழை பெய்து’ என்பது இங்கே ‘மழை பெய்ய’ என்ற பொருளில் நிற்கிறது, வடிவம் மட்டும் திரிந்திருக்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். தமிழ் கொடுக்கிற இந்தச் சலுகையை ஆங்கிலம் இப்படிக் கொடுப்பதில்லை. “ரெய்னிங் ஹெவிலி, த டேங்க் ஃபில்ட் அப்” என்றால் கண்மாய் மழை பொழிந்ததாகிவிடும். “இட் ரெய்ன்ட் ஹெவிலி அண்ட் த டேங்க் ஃபில்ட் அப்” என்று இரண்டாக உடைத்துவிடுங்கள்.

எச்சத்துக்கென்று தனி எழுவாயைக் கூடவே வைத்தால் ஆங்கிலமும் ஒப்புக்கொள்ளும்: “த ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், வி வென்ட் அவுட்.” நின்றது மழை, போனது நாங்கள். சரியான வாக்கியம்தான், ஆனால் பேச்சில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. எழுத்தில் பார்த்தால் புரிந்துகொள்வதற்காகச் சொன்னேன்.

வந்து, குளித்து, சாப்பிட்டு என்று அடுக்குவதை ஆங்கிலத்தில் ‘இங்’ போட்டு அடுக்கலாமா?

கூடாது. தமிழ்ப் பிள்ளைகள் செய்கிற தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். ஆத்தங்குடிப் பையனை, வீட்டில் கல் போடுவதைச் சொல்லு என்றேன். தமிழில் மூச்சு விடாமல் சொன்னான்: “கண்ணாடியைத் துடைத்து, மேலே சட்டத்தை வைத்து, அச்சைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாயக் கலவை ஊற்றி, அச்சை எடுத்து, காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதுக்கு மேல கலவை போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணியில ஊறப்போட்டு எடுப்போம் டீச்சர்.” கல்லின் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அடியில் இருக்கிற கண்ணாடியிலிருந்து என்றான். கண்ணாடியை ஒட்டி இறுகிய முகம் அந்த வழவழப்பை வாங்கிக்கொள்கிறது.

அதையே ஆங்கிலத்தில் எழுதியபோது, “வைப்பிங் த கிளாஸ், கீப்பிங் த ஃப்ரேம், ஃபில்லிங் த கலர், ரிமூவிங் த மோல்ட், வி மேக் த டைல்” என்று எழுதினான். ஆங்கிலத்தில் ‘இங்’ முதலில் சொல்வது ‘ஒரே நேரத்தில்’ என்பதை. இந்த வாக்கியத்தைப் படிப்பவர், துடைப்பது, வைப்பது, நிரப்புவது, எடுப்பது எல்லாம் ஒரே சமயம் நடப்பதாக நினைப்பார். நம்முடைய ‘துடைத்து, வைத்து, ஊற்றி’ என்பவற்றில் ஒன்று முடிந்து அடுத்தது என்ற வரிசை இருக்கிறது. அந்த வரிசைக்கு ஆங்கிலத்தில் முற்றுவினையும் ‘அண்ட்’டும்தான்: “வி வைப் த கிளாஸ், பிளேஸ் த ஃப்ரேம் ஆன் இட், ஃபில் இன் த கலர்ஸ் அண்ட் ரிமூவ் த மோல்ட்.”

அப்படியானால் அங்கே ‘இங்’குக்கு இடமே இல்லையா? இருக்கிறது. அவன் அப்பா ஒரு கையால் அச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாயம் ஊற்றுகிறார் அல்லவா, அந்த இடம்: “ஹோல்டிங் த மோல்ட் வித் ஒன் ஹேண்ட், ஹி ஃபில்ஸ் இன் த கலர்.” பிடித்துக்கொண்டு என்ற ‘கொண்டு’ வந்தால் ‘இங்’ வரும். வெறும் ‘பிடித்து’ என்றால் ‘அண்ட்’. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்வேன்.

சின்ன விலக்கு ஒன்று உண்டு. ஒரு செயல் முடிந்த நொடியே அடுத்தது தொடங்கினால், “ஓப்பனிங் த டோர், ஷீ ஸ்டெப்ட் அவுட்” என்று எழுதலாம். கதவைத் திறந்து வெளியே வந்தாள். ஒன்றுக்கு மேல் அடுக்க வேண்டாம்.

‘ஹேவிங் ஃபினிஷ்ட்’ என்று எப்போது எழுத வேண்டும்?

‘முடித்துவிட்டு’ என்று தமிழில் அழுத்திச் சொல்கிற இடத்தில். “ஹேவிங் ஃபினிஷ்ட் ஹெர் பிரேயர்ஸ், ஷீ லெஃப்ட் பிள்ளையார்பட்டி.” முதல் வேலை முழுதாக முடிந்துபோய் அப்புறம்தான் இரண்டாவது. ‘விட்டு’ வந்தால் ‘ஹேவிங்’ பொருந்தும்.

‘ஐ ஆம் ஹேவிங் டூ சன்ஸ்’ என்றால் ஏன் தவறு?

மகன்கள் இருப்பது நடந்துகொண்டிருக்கிற செயல் இல்லை, ஒரு நிலை. “எனக்கு இரண்டு மகன் இருந்துகொண்டிருக்கிறார்கள்” என்று நாமும் சொல்ல மாட்டோம். “ஐ ஹேவ் டூ சன்ஸ்.” நோ, பிலீவ், ஓன், பிலாங், அண்டர்ஸ்டாண்ட் போன்றவையும் பெரும்பாலும் அப்படித்தான். ‘ஐ ஆம் நோயிங்’ என்று எழுதத் தோன்றினால், ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கே மறுக்கும். “ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்” மட்டும் சரி, ஏனென்றால் அங்கே ஹேவ் என்பது சாப்பிடுகிற செயல்.

இதைப் படித்துவிட்டு ‘நோயிங்’ என்ற சொல்லே கிடையாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். “நாட் நோயிங் த வே, ஐ ஆஸ்க்ட் அட் எ டீ ஷாப்.” வழி தெரியாமல் டீக்கடையில் கேட்டேன். முற்றிலும் சரியான ஆங்கிலம். ஆம், இஸ், வாஸ் ஆகியவற்றோடு சேர்ந்து தொடர்வினையாகத்தான் இந்தச் சொற்கள் வராது. எச்சமாகத் தாராளமாக வரும். ‘நாட்’டும் ‘இங்’கும் சேர்ந்தால் நம் ‘ஆமல்’ என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2010’ சரியா?

“ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ் 2010.” தமிழில் ‘2010-லிருந்து இருக்கிறேன்’ என்று நிகழ்காலம் போதும், ஆங்கிலத்துக்கு ‘ஹேவ் பீன்’ வேண்டும். அதேபோல, செவ்வாய்தோறும் கோவிலுக்குப் போவது வழக்கம் என்றால் “ஐ கோ” என்று சொல்லுங்கள், “ஐ ஆம் கோயிங்” வேண்டாம்.

பெயரெச்சமாக வரும்போது எங்கே வைப்பது, முன்னாலா பின்னாலா?

தனியாக ஒரே சொல் என்றால் பெரும்பாலும் முன்னால்: “பாயிலிங் வாட்டர்”, கொதிக்கிற தண்ணீர். கூட வேறு சொற்களும் சேர்ந்து வந்தால் பின்னால்: “த லேடி ஸ்டாண்டிங் அட் த டோர் இஸ் மை கிராண்ட்மதர்.” தமிழில் ‘வாசலில் நிற்கிற பெண்மணி’ என்று எவ்வளவு நீளமானாலும் முன்னாலேயே வைத்துப் பழகிய நமக்கு, இது கொஞ்சம் தலைகீழாகத்தான் தோன்றும்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. நம்மிடம் திறந்த, திறக்கிற, திறக்கும் என்று மூன்று காலத்துக்கும் பெயரெச்சம் உண்டு. ‘நேற்றுக் கதவைத் திறந்த மனிதர் என் மாமா’ என்பதற்கு “த மேன் ஓப்பனிங் த டோர்” என்று எழுதினால், இப்போது திறந்துகொண்டிருப்பவர் என்றாகிவிடும். “த மேன் ஹூ ஓப்பன்ட் த டோர் எஸ்டர்டே இஸ் மை அங்கிள்” என்று ‘ஹூ’ போட்டு எழுதுங்கள்.

‘ஐ ஆம் போரிங்’ என்று பேரனுக்கு அனுப்பினேன். அவன் ‘இல்லவே இல்லை ஆயா’ என்று பதில் போட்டிருக்கிறான். ஏன்?

நம் ஆச்சி கேட்டது. ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்று சொல்ல நினைத்தார், ‘நான் மற்றவர்களுக்குச் சலிப்பூட்டுகிறவள்’ என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. பாசமான பேரன், அதான் அப்படி எழுதியிருக்கிறான். உணர்ச்சியை உண்டாக்குவது ‘இங்’, உணர்ச்சிக்கு ஆளாவது ‘ட்’. கதை “இன்ட்ரஸ்டிங்”, கேட்கிற நான் “இன்ட்ரஸ்டட்”. வேலை “டயரிங்”, செய்த நான் “டயர்ட்”. ஆச்சிக்கு “ஐ ஆம் போர்ட்.”

ஸ்லீப்பிங் பேபி, ஸ்லீப்பிங் பேக், இரண்டும் ஒன்றுதானே?

பார்வைக்கு ஒன்று. முதலாவது தூங்குகிற குழந்தை, இரண்டாவது தூங்குவதற்கான பை. பை தூங்காது, அதனால் அது பெயரெச்சமாக முடியாது, ஜெரண்ட்தான். டைனிங் டேபிள், குக்கிங் ஆயில், வாக்கிங் ஸ்டிக் எல்லாம் பை கட்சி. உச்சரிப்பிலும் வித்தியாசம் தெரியும்: “ஸ்லீப்பிங் பேக்” என்பதில் அழுத்தம் முதல் சொல்லில் விழும், “ஸ்லீப்பிங் பேபி”யில் பேபிக்கும் அழுத்தம் உண்டு.

‘ஐ ஸா ஹிம் கிராஸ்’, ‘ஐ ஸா ஹிம் கிராஸிங்’, எது சரி?

இரண்டும் சரி. முதலாவதில் அவர் சாலையைக் கடந்து முடித்ததை முழுதாகப் பார்த்தீர்கள். இரண்டாவதில் பாதிச் சாலையில் இருந்தபோது உங்கள் கண்ணில் பட்டார், மறுபக்கம் சேர்ந்தாரா என்பது வாக்கியத்தில் இல்லை.

‘ரிகார்டிங் யுவர் லெட்டர்’ என்று தொடங்கும்போது ‘யார் செய்தது?’ என்று கேட்க வேண்டுமா?

வேண்டாம். ரிகார்டிங், கன்சர்னிங், கன்சிடரிங், ஃபாலோயிங் போன்றவை எச்சமாகப் பிறந்து, வேற்றுமை உருபு மாதிரி வேலைக்குப் போய்விட்டன. நம்மிடமும் அப்படியே நடந்திருக்கிறது. பற்றி, குறித்து, நோக்கி, கொண்டு என்பவற்றைப் பாருங்கள். எல்லாம் பற்று, குறி, நோக்கு, கொள் என்ற வினைகளின் எச்சங்கள். ‘கடிதத்தைப் பற்றி’ என்னும்போது யாரும் எதையும் கையால் பற்றவில்லை. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே பாதையில் நடந்திருப்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

எழுத்துக்கூட்டலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கடைசியில் ஒலிக்காத ஈ இருந்தால் எடுத்துவிடுங்கள், மேக் என்பது மேக்கிங் ஆவதுபோல. ரன், ஸிட் போன்ற குட்டிச் சொற்களில் கடைசி மெய்யெழுத்து இரட்டிக்கும். இரண்டு அசை இருந்தால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்: பிகின் இரட்டிக்கும், ஓப்பன் இரட்டிக்காது. ‘டிராவலிங்’கில் பிரிட்டிஷ் முறைக்கு இரண்டு எல், அமெரிக்க முறைக்கு ஒன்று.

ஒன்றை மட்டும் நின்று பாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கண்டாங்கிச் சேலையைப் பற்றிக் கட்டுரை எழுதிய பிள்ளை, நூலுக்குச் சாயம் போடுவதை ‘டையிங்’ என்று எழுதும்போது நடுவில் இருக்க வேண்டிய ஈயை விட்டுவிட்டாள். ஈ இருந்தால் சாயம், இல்லாவிட்டால் சாவு. பேசும்போது இரண்டும் ஒரே ஒலி, எழுதும்போதுதான் உயிர் போகிறது.

தேர்வில் இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கச் சொல்கிறார்களே?

முதலில் இரண்டிலும் எழுவாய் ஒன்றா என்று பாருங்கள். “ஹி வாஸ் இல். ஹி ஸ்டேட் அட் ஹோம்.” இரண்டும் ஹி. அப்படியானால் “பீயிங் இல், ஹி ஸ்டேட் அட் ஹோம்.” எழுவாய் வேறு வேறு என்றால் நேரடியாக ஒட்டாதீர்கள், கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ‘க்’கை எவ்வளவு அழுத்த வேண்டும்?

அழுத்தவே வேண்டாம். ‘ஈட்டிங்கு’ என்று நாம் சேர்க்கிற உகரமும் வேண்டாம், ககரமும் வேண்டாம். வெறும் ங் மட்டும். இந்த ஒலி ககரத் துணையில்லாமல் நம்மிடம் இருக்கிறது: ‘அங்ஙனம்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் நாக்கு அண்ணத்தின் பின்பக்கம் ஒட்டி, மூக்கு வழியாக வருகிறதே, அதுதான். ‘சிங்கிங்’ என்பதில் நடுவிலும் ககரம் கிடையாது, ‘சிங்ஙிங்’ என்றுதான் வரும். ‘ஃபிங்கர்’ சொல்லும்போது மட்டும் ககரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.